கணுக்கால் வலியோடு களம் இறங்காதீர்கள்

அடி அண்ணாமலை கபடி வீரர்களுக்கும் கிரிவலப் பாதையில் ஓடுகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

உங்களில் பலருக்குக் கணுக்காலில் பழைய வலி ஒன்று இருக்கிறது. போன பொங்கல் போட்டியிலோ, ஏரிக்கரையில் ஓடும்போதோ கால் மடங்கியது. வீங்கியது. பத்து நாளில் வீக்கம் வடிந்ததும் மறுபடி இறங்கிவிட்டீர்கள். வலி மட்டும் போகவில்லை. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் சுருக்கென்கிறது. மேடு பள்ளத்தில் கால் தானாகப் பிசகுகிறது. ஆடி முடித்த இரவு கணுக்கால் கனத்துக்கொண்டு தூக்கம் வர மறுக்கிறது. விசாரித்தால், "வெறும் சுளுக்குதாண்ணா, பழகிடுச்சு" என்கிறீர்கள்.

இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. பதினெட்டு, இருபது வயதில் ஒரு கால் வலிக்குப் பழகிப்போக வேண்டிய அவசியம் என்ன? எலும்பு முறிந்திருந்தால் மாவுக்கட்டு போட்டு வீட்டில் உட்கார வைத்திருப்பார்கள். சுளுக்கு என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை, நீங்களும் பொருட்படுத்தவில்லை. சரியாகப் பார்க்காமல் விட்ட சுளுக்கு ஓர் ஆட்டக்காரனின் கணக்கை முறிவைவிட மோசமாக முடித்துவைக்கக்கூடும். அதைச் சொல்லவே இந்த மடல்.

கணுக்காலுக்குள் என்ன நடந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது, கணுக்காலின் வெளிப்பக்கம் எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் ஜவ்வுகள் இழுபடுகின்றன, அல்லது கிழிகின்றன. அங்கே மூன்று ஜவ்வுகள் உண்டு. முன்பக்கம் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் அடிவாங்கும். வீக்கமும் நீலம் பாய்ந்ததும் இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும். கிழிந்த ஜவ்வு பழைய வலுவுக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். வீக்கம் வடிந்ததைக் குணமானதாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஜவ்வுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கால் இப்போது எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று அதில் உள்ள நரம்பு முனைகள் நொடிக்கு நொடி தகவல் அனுப்புகின்றன. அதை வைத்துத்தான் காலின் வெளிப்பக்கத் தசை சட்டென்று இறுகிப் பாதத்தை மடங்கவிடாமல் பிடிக்கிறது. அடிபட்ட கணுக்காலில் இந்தத் தகவல் தாமதமாகிறது. 1965இல் பிரிட்டனைச் சேர்ந்த ஃப்ரீமேன் என்ற எலும்பு மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். கால் அடிக்கடி பிசகுகிறவர்களால் அந்தக் காலில் தனியாக நிலைத்து நிற்க முடியவில்லை என்பதையும், நிற்கப் பழக்கினால் பிசகுவது குறைகிறது என்பதையும் அவர் காட்டினார். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த இந்த விஷயம் நம் ஊர் மைதானத்துக்கு இன்னும் வந்துசேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதல்முறை சுளுக்கியவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து அயர்லாந்தில் செய்து, 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பத்துப் பேரில் நான்கு பேருக்கு ஓராண்டு கழித்தும் கணுக்கால் நிலைகொள்ளாமல் இருந்தது. ஆகவே உங்களுக்கு வலி நீடிப்பது உங்கள் பலவீனமும் இல்லை, விதியும் இல்லை. வைத்தியம் பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். பாதியில் விட்டதை இப்போதும் முடிக்கலாம்.

கபடியில் கணுக்காலுக்கு ஆபத்து அதிகம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாடி வருகிறவனின் கணுக்காலைத்தான் கார்னரில் நிற்பவன் குறிவைக்கிறான். 'ஆங்கிள் ஹோல்ட்' என்றே அந்தப் பிடிக்குப் பெயர். பிடிபட்ட கால் அவன் இரு கைகளுக்குள் இருக்க, மறுகால் நடுக்கோட்டை நோக்கித் துள்ள, உடம்பு முழுவதும் அந்த ஒரு மூட்டின்மேல் திருகுகிறது. ஜவ்வு தளர்ந்த கால் அந்தத் திருகலைத் தாங்காது.

இது தெரிந்தும், ராத்திரி ஆட்டத்துக்கு முன்பு மைதானத்தின் ஓரத்தில் நீங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கணுக்காலில் வெண்மை படியும்வரை ஸ்பிரே அடிக்கிறீர்கள். அதன்மேல் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுகிறீர்கள். கால் விரல்கள் வெளுத்துப்போகின்றன. ஒருவன் பாக்கெட்டிலிருந்து வலி மாத்திரை எடுத்து நீட்டுகிறான், வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குகிறீர்கள். எழுந்து இரண்டு முறை குதித்துப் பார்த்து, "ஓகேண்ணா" என்கிறீர்கள். வலி என்பது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. அதன் வாயை அடைத்துவிட்டு ஆடினால், அடுத்த கிழிசல் உங்களுக்குத் தெரியாமலே நடக்கும். அந்த மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகத்துக்கும் கேடு.

ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அந்த 7 நிமிடத்துக்காகப் பனியிலும் மழையிலும் நீங்கள் ஓடுகிற ஓட்டத்துக்கு என் வணக்கம். ஆனால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நீங்கள் எந்த இடத்தில் ஓடுகிறீர்கள் என்று பாருங்கள். வண்டிகளுக்குப் பயந்து எப்போதும் இடது ஓரம். தண்ணீர் வடிவதற்காகத் தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் இடது பாதம் ஒவ்வொரு அடியிலும் வெளிப்பக்கம் தாழ்ந்தே விழுகிறது. கால் மடங்கியது எந்தப் பக்கமோ அதே பக்கம். அடிபட்டது இடது கால் என்றால், நீங்கள் ஆயிரக்கணக்கான முறை அந்த ஜவ்வையே இழுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். வலி எப்படிப் போகும்? குணமாகும்வரை சமதளமான பள்ளி மைதானத்திலோ, மாவட்ட விளையாட்டரங்கிலோ ஓடுங்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் இடம் தேடி வளைந்து வளைந்து ஓடுவது அறவே வேண்டாம்.

"செலக்‌ஷன் நெருங்கிடுச்சு, இப்போ எப்படிண்ணா உக்காரறது?" என்பீர்கள். "நான் இறங்கலைன்னா டீமே இல்லை" என்பீர்கள். இதற்குப் பதில் நீங்களே டிவியில் பார்த்திருக்கிறீர்கள். 2023 அக்டோபர் 19. புனேயில் உலகக் கோப்பை ஆட்டம், எதிரே வங்கதேசம். ஹர்திக் பாண்டியா தன் முதல் ஓவரிலேயே பந்தைக் காலால் தடுக்கப்போய் இடது கணுக்கால் மடங்கி விழுந்தார். மூன்று பந்துகளோடு அவர் வெளியேற, மிச்ச மூன்று பந்துகளை விராட் கோலி வீசினார். சொந்த மண்ணில் உலகக் கோப்பை. உலகத்தரமான மருத்துவர்களும் பிசியோக்களும் பக்கத்தில். அப்படியிருந்தும் நவம்பர் 4ஆம் தேதி அவர் தொடரிலிருந்தே விலகினார். ஐபிஎல்லில் மறுபடி இறங்கியது 2024 மார்ச்சில். அதே ஆண்டு ஜூன் 29இல் பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதிப்போட்டி. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும். பந்து ஹர்திக்கின் கையில். இந்தியா 7 ரன்னில் வென்றது. அக்டோபரில் வெளியே உட்கார்ந்தவர்தான் அந்த ஓவரை வீசினார். எல்லா வசதியும் உள்ளவருக்கே மாதங்கள் பிடித்த கணுக்கால், உங்களுக்கு மட்டும் பத்து நாளில் சரியாகிவிடுமா?

பி.வி. சிந்து 2022 ஆகஸ்ட் 8இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இடது கணுக்கால் வலியோடு தங்கம் வென்றார். அதை மட்டும் எல்லோரும் பேசுகிறார்கள். பிறகு அது எலும்பில் விழுந்த நுண்முறிவு என்று தெரிந்ததையும், அந்த மாதமே நடந்த உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து அவர் விலகியதையும், 2023 ஜனவரியில்தான் ஆட வந்ததையும் யாரும் சொல்வதில்லை. கபடியிலேயே பாருங்கள். தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய் கொடுத்து எடுத்த பவன் ஷெராவத், 2022 அக்டோபரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார். 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோது கேப்டன் அவர்தான். உட்கார வேண்டிய நேரத்தில் உட்கார்ந்தவர்கள் இவர்கள். இவர்களை யாரும் கோழை என்று சொல்லவில்லை.

உங்களுக்குப் பின்னால் பிசியோ இல்லை, ஒப்பந்தப் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. போட்டி நடத்தும் விழாக் குழுக்களில் நீங்களும் இருக்கிறீர்கள், உங்கள் அண்ணன்மார்களும் இருக்கிறார்கள். ஆளுயரக் கோப்பைக்குப் பணம் இருக்கிறது, பேனருக்கும் மைக் செட்டுக்கும் இருக்கிறது. ஓர் ஐஸ் பெட்டிக்கும், முதலுதவி தெரிந்த ஒருவருக்கும் மட்டும் இல்லாமல் போவது என்ன நியாயம்? கால் மடங்கி விழுந்தவனை இரண்டு பேர் தூக்கிக் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு ஆட்டம் தொடர்கிறது. அவன் எப்படி வீடு போய்ச் சேர்ந்தான் என்று மறுநாள் கேட்பவர்கள் எத்தனை பேர்?

தங்கைகளே, உங்கள் நிலைமை இன்னும் கடினம். கால் மடங்கியதை நீங்கள் வீட்டில் சொல்வதே இல்லை. சொன்னால், "இதுக்குத்தான் போகாதேன்னு சொன்னோம்" என்று ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். வலியை மறைத்துக்கொண்டு தண்ணீர்க் குடம் தூக்கி, பள்ளிக்கும் நடந்து, சாயங்காலம் பயிற்சிக்கும் வருகிறீர்கள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் மறைத்த வலி ஒருநாள் முற்றி, உங்களை நிரந்தரமாக நிறுத்திவிடும். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் விளையாட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் வீட்டுக்கு வந்து பேசட்டும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

கால் மடங்கிய அன்று சில அறிகுறிகளைப் பாருங்கள். எழுந்து நான்கு அடி வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின் விளிம்பிலோ நுனியிலோ விரலால் அழுத்தினால் உயிர் போகிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவில் புடைத்திருக்கும் எலும்பிலோ, உள்பக்க வளைவின் மேலுள்ள எலும்பிலோ அப்படி வலிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்த இந்த விதிகளை உலகமெங்கும் அவசரப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காசில்லை என்று தயங்க வேண்டாம்.

சுளுக்கு வழிக்கிற பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முதல் மூன்று நாள் எண்ணெய் போட்டு அழுத்தி உருவாதீர்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரம் அது, வீக்கம் ஏறும். எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாமல் உருவினால் விபரீதமாகிவிடும். காலை உயர்த்தி வையுங்கள், அளவாகக் கட்டுப் போடுங்கள், வலி குறைய ஐஸ் வைக்கலாம். வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதும் கூடாது. தாங்கும் அளவுக்கு மெல்ல நடங்கள், பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். அசையாத மூட்டு இறுகிப்போகும்.

எக்ஸ்ரே பார்த்து "எலும்புல ஒண்ணுமில்ல" என்று சொன்னவுடன் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறீர்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, குருத்தெலும்பும் தெரியாது. ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்த பிறகும் வலி அப்படியே இருந்தாலோ, மூட்டு ஏதோ சிக்கியதுபோல் பூட்டிக்கொண்டாலோ, வீக்கம் வந்து வந்து போனாலோ, மறுபடி எலும்பு மருத்துவரிடம் போய்த் தெளிவாகச் சொல்லுங்கள். மூட்டுக்குள் குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம், பின்னால் ஓடும் தசைநாண் கிழிந்திருக்கலாம், கணுக்காலுக்கு மேலே இரண்டு கால் எலும்புகளையும் சேர்க்கும் ஜவ்வு விட்டிருக்கலாம். இவற்றைக் கண்டுபிடிக்க எம்ஆர்ஐ தேவைப்படும். சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். உங்களில் பெரும்பாலோருக்கு அது வேண்டியிருக்காது, பயிற்சியே போதும்.

அந்தப் பயிற்சிக்குச் செலவு இல்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டில் காலில் கட்டி, முன்பாதத்தில் மாட்டிக்கொண்டு வெளிப்பக்கமாக இழுங்கள். அது காலை மடங்கவிடாமல் பிடிக்கும் தசைக்கு. திண்ணைப் படியில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். சுவருக்கு எதிரே நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். அடிபட்ட கால் சுவருக்கு எவ்வளவு கிட்டப் போக வேண்டியிருக்கிறது, நல்ல கால் எவ்வளவு தள்ளி நின்று தொடுகிறது என்று விரலால் அளந்து பாருங்கள். மூட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அதில் தெரியும். பல் விளக்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடி நில்லுங்கள், அதற்குப் பிறகு மடித்த போர்வைமேல் நில்லுங்கள். நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களை வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே 8 வாரம் இப்படி நிலைநிற்கும் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் ஓராண்டுக்குள் மறுபடி சுளுக்கியது. செய்யாதவர்களில் அது 33 சதவீதம். போர்வைமேல் நிற்பது சின்னப்பிள்ளை வேலை என்று சிரிக்காதீர்கள்.

எப்போது இறங்கலாம்? வலி இல்லாத நாளில் என்று சொல்லாதீர்கள். இரண்டு காலும் ஒன்றுபோல் வேலை செய்யும் நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்காலில் கண்ணை மூடி அரை நிமிடம் ஆடாமல் நிற்க வேண்டும். குதிகால் உயர்த்துவதில் நல்ல கால் எத்தனையோ, அடிபட்ட காலும் அத்தனை. நொண்டி அடித்துக் கபடிக் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போய்வர வேண்டும். எட்டுப் போட்டு வேகமாக ஓடித் திரும்ப வேண்டும். இதில் எதிலாவது கால் தயங்கினால் இன்னும் நாளாகவில்லை என்று அர்த்தம். இறங்கிய பிறகும் முதல் சில மாதம் கணுக்காலுக்கு டேப்போ, கட்டியாகப் பிடிக்கும் ஆங்கிள் கேப்போ போட்டு ஆடுங்கள். அது மறுபடி மடங்குவதைக் குறைக்கும். பயிற்சிக்கு அது மாற்று ஆகாது.

அணிக் கேப்டன்களே, முடிவு உங்கள் கையிலும் இருக்கிறது. "சும்மா நில்லுடா, கார்னர்ல நின்னா போதும்" என்று அடிபட்டவனைக் கூப்பிடுவது நீங்கள்தான். கோட்டுக்குள் வந்தவன் சும்மா நிற்க மாட்டான் என்பது உங்களுக்கும் தெரியும். இறங்காதவனை அணியிலிருந்து கழற்றிவிடுவோம் என்ற பயத்தை அவனுக்குக் கொடுக்காதீர்கள். பெஞ்சில் உட்காரட்டும், எதிரணி ரைடர் எந்தக் கால் எடுத்துவைத்துப் பாடுகிறான் என்று பார்த்துச் சொல்லட்டும். குணமானதும் அவன் இடம் அவனுக்கே என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுங்கள்.

நான் உங்கள் அனைவரிடமும் கேட்பது இதுதான். வரும் பொங்கல் போட்டிக்கு முன்னால், உங்கள் அணியில் யாருக்கெல்லாம் பழைய கணுக்கால் வலி இருக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். அவர்களை எட்டு வாரம் பயிற்சியில் வையுங்கள். தினமும் மைதானத்துக்கு வந்ததும் முதல் பத்து நிமிடம் அணி முழுவதும் ஒற்றைக்காலில் நில்லுங்கள், அப்போது யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். நொண்டி அடித்துத் தேறாதவரை, அவர் எப்பேர்ப்பட்ட ரைடராக இருந்தாலும், இறக்காதீர்கள். விழாக் குழுவில் இருக்கிறவர்கள் கோப்பையின் உயரத்தில் ஓர் அடி குறைத்து, அந்தக் காசில் ஐஸ் பெட்டியும் கட்டுத் துணியும் முதலுதவி தெரிந்த ஒருவரும் மைதானத்தில் இருக்கும்படி செய்யுங்கள்.

ஒரு பொங்கலை விட்டால் அடுத்த பொங்கல் வரும். ஒரு செலக்‌ஷனை விட்டால் அடுத்த அறிவிப்பு வரும். வலிக்கிற காலைத் தூக்கிக்கொண்டு இந்த வாரம் மைதானத்துக்குப் போகாதீர்கள், முதலில் மருத்துவமனைக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆட்டங்களைத் தவறாமல் பார்க்கும் ஓர் அண்ணன்